என் கோப்பு எனக்குத் திறக்க வேண்டும்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் பொதுவாக நின்றன. எங்கள் கடையில் இருக்கும் கணினிகள் பழையவை. விண்டோஸ் 11 கேட்கிற பாதுகாப்புச் சில்லும் புதிய தலைமுறைப் பிராசசரும் அவற்றில் கிடையாது. ஆனால் மேட்டர் அடிக்க, பேஜ் செட்டிங் செய்ய, பிடிஎஃப் எடுக்க அவை இன்னும் பல வருடம் தாங்கும். நன்றாக ஓடுகிற இயந்திரத்தைக் குப்பையில் போட எனக்கு மனசு வரவில்லை. அதனால் பலரும் என்னிடம் கேட்கிற கேள்வி, "லினக்ஸ் போட்டுட்டீங்களாமே, எப்படி?" என்பதுதான். போட்டாயிற்று. விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம் அது. ஆனால் நான் சொல்ல வந்தது லினக்ஸ் பற்றி மட்டும் இல்லை.

மதுரையில் சின்ன டிடிபி கடை, அதாவது கணினியில் அச்சுப் பக்கம் அமைத்துக் கொடுக்கிற கடை, வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளிக்கூட வினாத்தாள், அவ்வப்போது முழுப் புத்தகம். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் திறந்த மூல மென்பொருள் (நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்று அனுமதிக்கிற மென்பொருள்) என்றால் உடனே தோன்றுவது காசு மிச்சம் என்பதுதான். ஆனால் எங்கள் தொழிலில் நெடுங்காலம் காசு கொடுத்து மென்பொருள் வாங்கியவர்களே குறைவு. சிடியில் வரும், கூடவே உரிமப் பூட்டை உடைக்கிற ஒரு கிராக் வரும், சர்வீஸ் ஆள் ஃபார்மட் அடிக்கும்போது எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். அதனால் "இது இலவசம்" என்று சொன்னால் எங்கள் தெருவில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. என்னைத் திரும்பிப் பார்க்க வைத்தது வேறு ஒன்று: இருபது வருடத்துக்கு முன் செய்த வேலையை இன்று திறக்க முடியுமா என்ற கேள்வி.

தமிழில் கணினி வேலை செய்தவர்களுக்கு இந்தக் கேள்வி மற்றவர்களைவிடக் கனமானது. ஆங்கிலத்தில் 1995-இல் அடித்த ஒரு கடிதத்தை எதில் திறந்தாலும் குறைந்தபட்சம் எழுத்தாவது எழுத்தாகத் தெரியும். தமிழில் அப்படி இல்லை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தருகிற பொதுத் தரமான யூனிகோடு 1991-லேயே தமிழுக்கு இடம் ஒதுக்கிவிட்டது. ஆனால் அது கடைகளுக்கு வந்து சேரப் பல வருடங்கள் ஆயின. அதுவரை நாம் செய்தது, ஆங்கில எழுத்துகளின் எண்கள் மேல் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தது. இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழரிடையேயும் பாமினி எழுத்துரு. இங்கே அரசு அலுவலகங்களில் வானவில் அவ்வையார். இணையத்தில் முதலில் வந்தவர்களிடம் டிஸ்கி. 1999-இல் தமிழக அரசு தரப்படுத்திய டாம், டாப் குறியாக்கங்கள், அதாவது எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற ஏற்பாடுகள். இவை போக ஒவ்வொரு எழுத்துரு நிறுவனத்துக்கும் தனித்தனி ஏற்பாடு.

பாமினியில் 'அம்மா' என்று அடித்த கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஐந்து ஆங்கிலக் குறிகள்தான் நிற்கும். கோப்புக்குள் இருப்பதே அவைதான். தமிழ் என்பது அந்த எழுத்துருவின் படங்களில் மட்டும் இருந்தது. கோப்பில் 'அம்மா'வைத் தேடினால் கிடைக்காது, அகர வரிசைப்படுத்தினால் வராது. எழுத்துரு தொலைந்தால் மேட்டரும் தொலைந்த மாதிரிதான். பல கடைகளில் அப்படித்தான் தொலைந்தது. கடை மூடுகிறபோது ஹார்டு டிஸ்க் பழைய இரும்புக்குப் போகும், எழுத்துருவின் உரிமச் சாவி அதோடு போகும்.

இதோடு பக்கம் அமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தமிழ் அச்சுத் தொழிலின் ஒரு தலைமுறையே அதில்தான் வேலை கற்றது. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். அப்புறம் அது நின்றுபோனது. யூனிகோடு அதற்குக் கடைசிவரை தெரியாது. எத்தனை சிற்றிதழ்கள், தலபுராண உரைகள், ஊர் வரலாறுகள், ஆய்வேடுகள் அந்த வடிவத்தில் சிடிகளில் கிடக்கின்றன என்று நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். மென்பொருள் நின்றுபோனதற்கு நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஒரு நிறுவனம் ஒரு பொருளை நிறுத்துவது அதன் உரிமை. ஆனால் அந்தப் பொருளின் கோப்பு வடிவம் அவர்களுக்கு மட்டுமே தெரிந்த ரகசியமாக இருந்தால், நம் எழுத்தும் அவர்களோடு சேர்ந்து நின்றுபோகிறது.

மேலூர்ப் பக்கமிருந்து ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் வந்தார். கையில் ஒரு சிடி.

"தம்பி, இதுல என் புத்தகம் இருக்கு. மறுபதிப்புப் போடணும். அடிச்சுக் குடுத்த அச்சகம் இப்ப இல்ல."

"புத்தகம் ஒரு பிரதி இருக்கா ஐயா?"

"ஒண்ணே ஒண்ணு இருக்கு. அதுலயும் நடுவுல பக்கம் போச்சு."

அவருடைய ஊர்ப்பக்கத்துத் தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாட்டுகளைத் திரட்டி வைத்த புத்தகம் அது. பாடிக் கொடுத்த பெண்களில் பாதிப்பேர் இன்று உயிரோடு இல்லை என்றார். சிடியில் கீறல் இருந்தது. குனு டிடிரெஸ்க்யூ என்று ஒரு சின்ன நிரல் உண்டு. படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, முடியாத இடங்களுக்குத் திரும்பத் திரும்பப் போய் முயலும். அது பெரும்பகுதியை மீட்டுக் கொடுத்தது. உள்ளே பேஜ்மேக்கர் கோப்புகள்.

அவற்றைத் திறந்தது லிப்ரெ ஆபிஸ் என்ற திறந்த மூல அலுவலக மென்பொருள். இது பலருக்குத் தெரியாது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 2014-இல் டாக்குமென்ட் லிபரேஷன் புராஜெக்ட் என்று ஒரு முயற்சி தொடங்கியது. நின்றுபோன, மூடிய கோப்பு வடிவங்களை ஒரு பைட் ஒரு பைட்டாகப் பிரித்துப் பார்த்து, அவற்றைப் படிக்கிற நிரல் நூலகங்களை (மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்துகிற நிரல் தொகுப்புகளை) எழுதுவது அவர்கள் வேலை. கோரல் டிராவுக்கு ஒன்று, பப்ளிஷருக்கு ஒன்று என்று ஏற்கெனவே இருந்தன. பேஜ்மேக்கருக்கான நூலகம் 2015 தொடக்கத்தில் வெளிவந்த லிப்ரெ ஆபிஸ் 4.4-இல் சேர்ந்தது. யாருடைய புத்தகத்தையோ யாரோ என்றைக்கோ திறக்க வேண்டியிருக்கும் என்று நினைத்து, யாரும் விற்காத ஒரு மென்பொருளின் கோப்பு வடிவத்தைப் படிக்க நிரல் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு மேலூர் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

திறந்தபோது பக்கம் அப்படியே அழகாக வந்துவிடவில்லை. பெட்டிகள் இடம் மாறியிருந்தன, சில கோடுகளைக் காணவில்லை. ஆனால் எழுத்து வந்தது. ஆங்கிலக் குறிகளாக, ஆனால் முழுசாக. எந்தக் குறியாக்கம் என்று கண்டுபிடித்துவிட்டால் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். அதற்குப் பைதான் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட ஓப்பன் தமிழ் என்ற திறந்த மூல நூலகம் இருக்கிறது. இணையத்தில் பொங்குதமிழ் மாற்றியைப் பயன்படுத்தாத பழைய ஆள் யாரும் இருக்க மாட்டார்கள். நான் நூலகத்தையே விரும்புகிறேன். ஏனென்றால் முந்நூறு பக்கத்தை ஒரே மூச்சில் மாற்றலாம், தவறு எங்கே வருகிறது என்று பார்த்துத் திருத்தலாம்.

தவறு வரத்தான் செய்யும். தமிழும் ஆங்கிலமும் ஒரே எண்களில் உட்கார்ந்திருப்பதால், நடுவில் வருகிற ஆங்கிலச் சொல்லும் தமிழ்க் குப்பையாக மாறிவிடும். பாமினியில் காற்புள்ளிக்குரிய இடத்தில் 'இ' உட்கார்ந்திருக்கும், காற்புள்ளி வேறு இடத்துக்குப் போயிருக்கும். மேற்கோள் குறி, கிரந்த எழுத்து, 'ஸ்ரீ' எல்லாம் எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும். எங்கள் கடையில் மேட்டர் அடிக்கிற தங்கை புரூஃப் பார்த்துக்கொண்டே, "அண்ணே, இந்தப் பாட்டு முழுக்க 'ஞ'வே காணோம்ணே" என்றாள். மாற்றுப் பட்டியலில் ஒரு வரி சேர்த்ததும் எல்லாப் பாட்டிலும் 'ஞ' வந்துவிட்டது. பட்டியல் நம் கையில் இருப்பதால் அது முடிந்தது. சிடியில் படிக்கவே முடியாமல் போன சில பக்கங்களை அவருடைய அச்சுப் பிரதியிலிருந்து ஸ்கேன் செய்து டெசராக்ட் மூலம் எழுத்தாக்கினோம். எச்பி நிறுவனம் 1980-களில் தொடங்கி, 2005-இல் திறந்த மூலமாக்கிய நிரல் அது. தமிழ் அதற்குத் தெரியும். ஆனால் மங்கலான தாளில் 'ன', 'ண' குழப்பம் நிறைய. இரண்டிலும் இல்லாத பக்கங்களை ஐயாவே உட்கார்ந்து நினைவிலிருந்து சொன்னார், தங்கை அடித்தாள்.

அடுத்தது பக்க வடிவமைப்பு. இங்கேதான் நான் வெகுநாள் தயங்கிக்கொண்டிருந்தேன். பேஜ்மேக்கருக்கு நிகரான திறந்த மூல மென்பொருள் ஸ்கிரைபஸ். நான்கு வண்ண அச்சுக்கு உரிய பிரிப்பு, அச்சகத்துக்கு ஏற்ற பிடிஎஃப் என்று நமக்கு வேண்டியது எல்லாம் அதில் உண்டு. ஆனால் அதன் 1.4 வரிசையில் தமிழ் உடைந்துதான் வரும். 'கொ' என்று அடித்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், காலுக்கும் கொம்புக்கும் நடுவே புள்ளி வட்டம் வரும். தமிழ் மட்டுமல்ல, இந்தி, அரபி எல்லாமே அப்படித்தான். அதைச் சரிசெய்யும் வேலையை முன்னெடுத்தது ஓமான் நாட்டிலிருந்து ஒரு குழு. அரபியில் புத்தகம் போட ஒரு நல்ல மென்பொருள் வேண்டும் என்பது அவர்கள் தேவை. எழுத்தின் உறுப்புகளை உரிய இடத்தில் கோத்துக் காட்டுகிற ஹார்ஃப்பஸ் என்ற நிரலை ஸ்கிரைபஸுக்குள் கொண்டுவந்தார்கள். 2017-இல் 1.5.3 என்ற சோதனைப் பதிப்பில் அது வந்தது, 2024 ஜனவரியில் 1.6 நிலையான பதிப்பாக எல்லாருக்கும் கிடைத்தது. அரபிக்காக இழுத்த தேரில் தமிழும் ஏறிக்கொண்டது.

அந்த ஹார்ஃப்பஸ்ஸின் கதையும் அப்படித்தான். அதைப் பெரும்பாலும் எழுதியவர் ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத். இன்று ஃபயர்ஃபாக்ஸில், குரோமில், ஆண்ட்ராய்டு போனில், லிப்ரெ ஆபிஸில் நீங்கள் தமிழைச் சரியாகப் படிக்கிறீர்கள் என்றால் கொம்பையும் காலையும் உரிய இடத்தில் வைப்பது அந்த நிரல்தான். நீங்கள் ஆண்ட்ராய்டு போன் வைத்திருந்தால், திறந்த மூலத்தை நம்பித்தான் தினமும் தமிழ் வாசிக்கிறீர்கள். தமிழ்ச் சந்தை பெரியதா, இதில் லாபம் உண்டா என்று யாரும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கத் தேவைப்படவில்லை. ஒரு மொழிக்காரர் தன் மொழிக்குச் செய்ததை இன்னொரு மொழிக்காரர் எடுத்துக்கொள்ளலாம் என்று உரிமத்திலேயே எழுதியிருக்கிறது. எனக்கு இந்த மென்பொருள்கள் மேல் இருக்கிற பற்றுக்குக் காரணம் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

எழுத்துருக்களிலும் இதே நிலைமைதான். முன்பெல்லாம் ஒரு எழுத்துருத் தொகுப்பு வாங்கினால் அது ஒரு கணினிக்கு மட்டும், அதற்கு ஒரு டாங்கிள், அதாவது கணினியில் செருகுகிற உரிமப் பூட்டு. இன்று நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், லோகித், கட்டமரன், முக்த மலர் என்று திறந்த உரிமத்தில் நல்ல எழுத்துருக்கள் இருக்கின்றன. மீரா இனிமை என்ற தமிழ் எழுத்துரு வந்தது சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற கேரளக் குழுவிடமிருந்து. தமிழ் இணையக் கல்விக்கழகமும் யூனிகோடு எழுத்துருக்களை இலவசமாகத் தருகிறது. அரசுக் கடிதங்களில் நாம் பார்க்கிற மருதம் அங்கிருந்து வருவதுதான். ஐயாவின் புத்தகத்துக்கு நோட்டோ செரிஃப் போட்டோம். அந்தப் புத்தகத்தின் மூலக் கோப்பை அவர் எந்தக் கணினியிலும் திறக்கலாம், எழுத்துருவையும் கூடவே கொடுக்கலாம், யாரும் கேள்வி கேட்க முடியாது.

லிப்ரெ ஆபிஸ் எப்படி வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். மென்பொருள் மாறுவது பற்றி என்னிடம் பேசுகிற எல்லாரும், "நாளைக்கு இதையும் மூடிட்டா?" என்று கேட்கிறார்கள். நியாயமான பயம். ஜெர்மனியில் ஸ்டார் டிவிஷன் என்ற நிறுவனம் ஸ்டார் ஆபிஸ் என்ற மென்பொருளை விற்றுக்கொண்டிருந்தது. 1999-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அந்த நிறுவனத்தை வாங்கி, அடுத்த வருடமே நிரலைத் திறந்துவிட்டது. ஓப்பன் ஆபிஸ் என்று நாம் அறிந்தது அதுதான். 2010 தொடக்கத்தில் சன் நிறுவனத்தையே ஆரக்கிள் வாங்கியது. இனி என்ன ஆகுமோ என்று அதில் வேலை செய்துகொண்டிருந்தவர்களுக்குக் கவலை வந்தது. அந்த வருடம் செப்டம்பரில் அவர்களில் பெரும்பகுதியினர் நிரலை எடுத்துக்கொண்டு தனியாக வந்து, டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். நிரல் திறந்திருந்ததால் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. பயனர்களின் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நேற்று ஓப்பன் ஆபிஸில் திறந்தது இன்று லிப்ரெ ஆபிஸில் திறந்தது. நிறுவனம் கை மாறியும் என் கோப்பு எனக்குத் திறக்கிறது, எனக்கு வேண்டியது அவ்வளவுதான். இன்னொன்று: ஓப்பன் ஆபிஸ் என்ற பழைய பெயரிலும் ஒரு மென்பொருள் அப்பாச்சி அமைப்பின் கீழ் இன்னும் கிடைக்கிறது. பெயர்ப் பழக்கத்தில் பலர் அதைத்தான் இறக்குகிறார்கள். அதில் வேலை மிக மெதுவாக நடக்கிறது. நீங்கள் லிப்ரெ ஆபிஸையே போட்டுக்கொள்ளுங்கள்.

அதன் சொந்தக் கோப்பு வடிவம் ஓடிஎஃப். 2005-இல் பொதுத் தரமானது, 2006-இல் ஐஎஸ்ஓ தரமானது. அதன் விளக்கம் முழுவதும் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இருக்கிறது. வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டியதை மைக்ரோசாஃப்ட் வேர்டின் டாக்எக்ஸ் வடிவில் சேமித்து அனுப்புகிறேன், கடையில் வைத்துக்கொள்ளும் மூலப்படியை ஓடிஎஃப் வடிவில் வைக்கிறேன். வேறு ஆபிஸ் மென்பொருளில் செய்து வருகிற கோப்புகளில் அட்டவணையும் படமும் சில சமயம் நகர்ந்துவிடும். பாதி நேரம் அதற்குக் காரணம் எழுத்துரு. கோப்பு கேட்கிற எழுத்துரு நம்மிடம் இல்லையென்றால் வேறொன்று வந்து உட்காரும், வரி ஓட்டம் மாறிவிடும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், என் யோசனை பலர் சொல்வதற்கு நேர் மாறானது. முதலில் லினக்ஸ் போடாதீர்கள். இப்போது இருக்கிற விண்டோஸிலேயே மென்பொருள்களை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். இணைய உலாவி ஃபயர்ஃபாக்ஸ், வீடியோ ஓட்டுகிற விஎல்சி, கோப்பைச் சுருக்குகிற 7-ஜிப், லிப்ரெ ஆபிஸ், படம் திருத்துகிற கிம்ப், வடிவம் வரைகிற இங்க்ஸ்கேப், கடவுச்சொற்களைக் காக்கிற கீபாஸ் எக்ஸ்சி எல்லாமே விண்டோஸிலும் ஓடும். அவற்றில் கை பழகிய பிறகு அடியில் இருக்கிற இயங்குதளம் மாறினால் பெரிய அதிர்ச்சி இருக்காது. அதே படங்கள், அதே மெனு. முதல் நாளே இயங்குதளத்தையும் மாற்றி எல்லா மென்பொருளையும் மாற்றியவர்கள் ஒரு வாரத்தில் பழைய இடத்துக்குத் திரும்பியதை நிறையப் பார்த்திருக்கிறேன். நம் மாநிலத்திலேயே பெரிய அளவில் அது நடந்தது. 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்த கணினிகளில் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அதைத் திறந்து பார்த்தவர்களை நான் அதிகம் சந்தித்ததில்லை. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் கையில் மட்டும் கொடுத்தால் அப்படித்தான் ஆகும். பக்கத்துக் கேரளத்தில் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பாடத்தையும் அதிலேயே அமைத்து, தேர்வையும் அதிலேயே வைத்தார்கள். அங்கே வேரூன்றிவிட்டது. லினக்ஸ் இரண்டு மாநிலத்துக்கும் ஒன்றுதான், பயிற்சியில்தான் வித்தியாசம். அதனால்தான் எங்கள் கடையிலும் மெதுவாகப் போனோம்.

விஎல்சி பற்றி நீட்ட வேண்டியதில்லை, அது இல்லாத கணினியே இல்லை. பாரிஸில் எக்கோல் சென்ட்ரல் மாணவர்கள் 1996-இல் தங்கள் விடுதி வலைப்பின்னலில் வீடியோ பார்க்கத் தொடங்கிய வேலை அது. 2022-இல் பல மாதங்கள் இந்தியாவில் அதன் இணையதளம் தடுக்கப்பட்டிருந்ததையும், அந்த நவம்பரில் தடை நீங்கியதையும் மறந்துவிட வேண்டாம். அந்த மாதங்களிலும் விஎல்சி நம் கணினிகளில் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

தமிழ் அடிப்பது தனிக் கதை. எங்கள் தங்கை தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் லோயர், ஹையர் முடித்தவள். அவள் விரல்களுக்குப் பழைய தட்டச்சு முறைதான் தெரியும். எனக்குத் தமிழ்99 என்ற விசைப்பலகை முறை. லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டு ஏற்பாட்டோடு எம்17என் தொகுப்பைச் சேர்த்துவிட்டால் தமிழ்99, தட்டச்சு, ஒலிபெயர்ப்பு என்று எல்லாமே பட்டியலில் வந்துவிடும். தனியாக எதுவும் வாங்க வேண்டாம். இதை நிறுவிக் காட்டிய பிறகுதான் அவள் லினக்ஸ் பக்கம் வரச் சம்மதித்தாள். தமிழ் வேலை செய்கிற கடையில் மாற்றம் வெற்றியா தோல்வியா என்பது விசைப்பலகையில்தான் தீர்மானமாகிறது என்று நினைக்கிறேன்.

படத் திருத்தத்துக்கு கிம்ப். 1995-இல் பெர்க்லியில் படித்துக்கொண்டிருந்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் தொடங்கியது. 2025 மார்ச்சில் 3.0 வந்தது. படத்தின் மேல் போட்ட வடிகட்டியைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்பது அதில் வந்த பெரிய வசதி. மாப்பிள்ளை பெண் படத்தின் பின்னணியை வெட்ட, பழைய படத்தின் கறையை எடுக்க இது தாராளம். ஆனால் நான்கு வண்ணத்தில் நேரடியாக வேலை செய்ய அது இன்னும் இடம் தரவில்லை. இங்க்ஸ்கேப்பும் திரை வண்ணத்தில்தான் சிந்திக்கிறது. அதனால் படத்தை கிம்பிலும், வடிவத்தை இங்க்ஸ்கேப்பிலும் செய்து, ஸ்கிரைபஸுக்குக் கொண்டுவந்து அங்கே வண்ணம் பிரிக்கிறேன். ஒரு படி கூடுதல் வேலை. கறுப்பு எழுத்து நான்கு பிளேட்டிலும் விழாமல் தனிக் கறுப்பாக விழுகிறதா என்று ஸ்கிரைபஸின் அச்சு முன்னோட்டத்தில் ஒவ்வொரு பிளேட்டாகப் பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். ஆஃப்செட் காரர்களிடம் பிடிஎஃப் மட்டும் கொடுங்கள். "கோரல் ஃபைலா குடுங்க" என்று கேட்பார்கள். பிடிஎஃப் சரியாக இருந்தால் அடுத்த தடவை கேட்க மாட்டார்கள்.

முடியாததையும் சொல்லிவிடுகிறேன். டேலி லினக்ஸில் நேரடியாக ஓடாது. குனுகேஷ் நல்ல கணக்கு மென்பொருள்தான், ஆனால் ஜிஎஸ்டி கணக்கோடு ஆடிட்டரிடம் போக அது போதாது. அதனால் கணக்குக்கு ஒரு விண்டோஸ் கணினி தனியாக இருக்கிறது, டிஜிட்டல் கையொப்ப டோக்கனும் அதில்தான். கோரலில் பத்து வருடம் வரைந்து வைத்த பத்திரிகை டிசைன்கள் இங்க்ஸ்கேப்பில் திறக்கும், ஆனால் நிழலும் வண்ணக் கலவையும் சிலவற்றில் மாறிவிடும். எழுத்தை மறுபடி போட வேண்டியிருக்கும். மாதாமாதம் அதே பழைய டிசைனை மாற்றி மாற்றிக் கொடுக்கிற கடைக்கு இது பெரிய இடைஞ்சல், அவர்களை அவசரமாக மாறச் சொல்ல மாட்டேன். பிரிண்டர் இன்னொரு தலைவலி. ஊரில் பாதிக் கடைகளில் இருக்கிற ஒரு சின்ன லேசர் பிரிண்டர் தன் நிறுவனத்துக்கு மட்டுமே தெரிந்த மொழியில் பேசுகிறது. லினக்ஸோடு அதைச் சேர்த்து வைப்பதற்குள் பொறுமை போய்விடும். புதிதாக வாங்குகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் லினக்ஸில் ஓடுமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பொது அச்சு மொழி புரிந்த பிரிண்டர் என்றால் கவலையே இல்லை.

பணம் என்று வரும்போது ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த மென்பொருள்களை விலை இல்லாமல் வாங்கிக்கொள்கிறோம், ஆனால் அவற்றைச் செய்கிறவர்களுக்கும் வீட்டு வாடகை உண்டு. ஸ்கிரைபஸ், கிம்ப், டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் எல்லாம் நன்கொடை வாங்குகின்றன. ஒரு புத்தக வேலை முடிந்து பணம் வந்தால் அதில் ஒரு சிறு பங்கை அனுப்புவது எங்கள் கடையில் வழக்கமாகிவிட்டது. பணம் இல்லாதவர்கள் வேலை கொடுக்கலாம். லிப்ரெ ஆபிஸின் தமிழ் மெனுக்களில் இன்னும் மொழிபெயர்க்காத வரிகள் இருக்கின்றன, தமிழ் பிழைதிருத்தி மிகவும் பலவீனமாக இருக்கிறது. வேற்றுமை உருபும் விகுதியும் சேர்ந்து நீள்கிற நம் சொற்களை அதற்குச் சொல்லிக்கொடுக்கத் தமிழ் இலக்கணம் தெரிந்தவர்கள்தான் வர வேண்டும். ஓமானிலிருந்து யாரும் வந்து இதைச் செய்ய முடியாது. சென்னையில் லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. 2012 முதல் கணியம் என்ற இணைய இதழ் தமிழிலேயே இந்த விஷயங்களை எழுதி வருகிறது. ஆங்கிலம் தடையாக இருக்கிறவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

பழைய சிடி, ஃப்ளாப்பி வைத்திருக்கிறவர்கள் மென்பொருள் மாறுவதைக்கூட ஒத்திப்போடலாம், ஆனால் அவற்றை இந்த வாரமே ஹார்டு டிஸ்குக்கு நகலெடுத்துவிடுங்கள். சிடியின் மேல்பூச்சு வருடத்துக்கு வருடம் உரிகிறது. கோப்போடு அந்தக் காலத்து எழுத்துருக்களையும் சேர்த்து நகலெடுங்கள், அவை எந்தக் கோப்புறையில் இருந்தன என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். எந்தக் குறியாக்கம் என்று தெரியவில்லையா? கோப்பிலிருந்து நாலு வரியை அப்படியே எடுத்து, அதே வரி அச்சில் எப்படி வந்தது என்பதையும் சேர்த்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். நான் பார்க்காத குறியாக்கமாக இருந்தால் இன்னும் நல்லது. அதற்கொரு மாற்றுப் பட்டியல் எழுதி ஓப்பன் தமிழில் சேர்க்க அனுப்பிவிடலாம்.